கடைப் பணியாளரின் மருத்துவச் செலவு: அரசின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?



ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் கடையும் மொத்த வியாபாரமும் நடத்தும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "கடையில் வேலை செய்பவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்தச் செலவை யார் ஏற்பது?" என்பதே அது. இன்றைய நடைமுறை நமக்குத் தெரியும். பணியாளர் முதலாளியிடம் முன்பணம் கேட்கிறார். முதலாளி தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பேரேட்டில் பற்று எழுதுகிறார். போதாததற்கு அவர் வெளியே வட்டிக்கு வாங்குகிறார். உடல் தேறினாலும் கடன் தேறுவதில்லை. ஆறு மாதம் கழித்து, கடனை அடைக்க முடியாமல் வேறு ஊருக்கே போய்விடுகிறார். பணியாளருக்குப் பிழைப்பு போயிற்று. நமக்குப் பழகிய கையும் போயிற்று, கொடுத்த பணமும் போயிற்று.

இதைத் தவிர்க்க மருத்துவக் காப்பீடு என்ற வழி உண்டு. ஆனால் சிறு கடைக்காரரால் அதன் கட்டணத்தைத் தாங்க முடியுமா, அரசு இதில் கை கொடுக்கிறதா, கொடுத்தால் யாருக்கு எவ்வளவு என்பதை இக்கட்டுரையில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மகமையும் காப்பீடும்

காப்பீடு நமக்குப் புதிய சங்கதி அன்று. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு பகுதியை மகமையாக ஒதுக்கிப் பொதுவில் சேர்த்தார்கள். விருதுநகரில் 1889ஆம் ஆண்டில் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலை போன்ற பள்ளிகள் இத்தகைய பொதுப் பணத்தில் வளர்ந்தவையே. ஒருவர் தனியாகச் சுமக்க முடியாததைப் பலர் சிறிது சிறிதாகச் சுமப்பதுதான் மகமை. காப்பீட்டின் அடிப்படையும் அதுவே. நூறு பேர் பணம் போடுகிறார்கள். அந்த ஆண்டில் நோய்வாய்ப்படும் ஐந்து பேர் எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற தொண்ணூற்றைந்து பேர் பணத்தை இழந்ததாக எண்ண வேண்டியதில்லை. அவர்கள் நிம்மதியை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடு

நாடு முழுவதற்கும் இத்தகைய பெரிய ஏற்பாடு ஈ.எஸ்.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் பயனாக 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கப் பெற்றது. நம் மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கால் வைத்தது. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு.

தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர்க்கென வந்த இத்திட்டம் பின்னர் கடை, உணவு விடுதி, திரையரங்கு, சாலைப் போக்குவரத்து ஆகியவற்றுக்கும் விரிந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடையை இது கட்டுப்படுத்தும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் சேர்வர். இந்த வரம்பு 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஊனமுற்ற பணியாளருக்கு வரம்பு 25,000 ரூபாய்.

பத்துப் பேர் என்னும் எண்ணிக்கையில் பலர் தவறு செய்கிறார்கள். 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் கணக்கர் திட்டத்தில் சேர மாட்டார். ஆனால் எண்ணிக்கையில் சேர்வார். ஒருமுறை திட்டத்துக்குள் வந்த கடை, பின்னர் ஆள் குறைந்து ஒன்பது ஆனாலும் வெளியே வந்துவிட முடியாது.

கட்டணமும் பயனும்

1997 முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 4.75 சதவீதம், பணியாளரின் பங்கு 1.75 சதவீதம், ஆக 6.5 சதவீதம் என்றிருந்தது. 2019 ஜூலை 1 முதல் மத்திய அரசு இதைக் குறைத்தது. முதலாளிக்கு 3.25, பணியாளருக்கு 0.75, ஆக 4 சதவீதம். நாளொன்றுக்குச் சராசரி 176 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. முதலாளி பங்கு மட்டும் போதும்.

மாதம் 12,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாளியின் பங்கு: 390 ரூபாய்.
பணியாளரின் பங்கு: 90 ரூபாய்.
மாதம் ஒன்றுக்கு மொத்தம்: 480 ரூபாய்.
ஆண்டுக்கு: 5,760 ரூபாய்.

பழைய வீதத்தில் முதலாளி 570 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஆளுக்கு மாதம் 180 ரூபாய் மிச்சம். பத்துப் பேர் உள்ள கடைக்கு ஆண்டில் 21,600 ரூபாய் மிச்சம்.

இந்த 480 ரூபாய்க்குக் கிடைப்பது என்ன? பணியில் சேர்ந்த நாளிலிருந்தே பணியாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். இதற்குத் தொகை வரம்பு இல்லை. இதோடு நிற்கவில்லை. பங்களிப்புக் காலம் ஒன்றில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், நோயுற்று விடுப்பில் இருக்கும்போது ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். நாள் ஊதியம் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 280 ரூபாய்; 91 நாளுக்கு 25,480 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் வரை உயர்த்தி, இரண்டு ஆண்டுகள் வரை தருகிறார்கள். தகுதியுள்ள பெண் பணியாளருக்கு 26 வாரம் முழு ஊதியத்துடன் மகப்பேறு உதவி உண்டு.

வேலையில் விபத்து நேர்ந்தால் குணமாகும் வரை 90 சதவீதம். வீட்டிலிருந்து கடைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் சரக்கு கொண்டு செல்லும் பையன்களை வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். பணியாளர் வேலை விபத்தில் இறந்தால் 90 சதவீத ஊதியம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கிட்டு மாதந்தோறும் போய்ச் சேரும்.

நம் பகுதிக்கு இது வெறும் எழுத்தன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய துயரத்தின்போது அரசு அறிவிக்கும் நிவாரணம் ஒருமுறை வருவது, செலவழிந்தால் தீர்ந்தது. மாதந்தோறும் வரும் உதவித்தொகையோ பிள்ளைகளைப் படிக்க வைக்கும். பட்டாசுக் கிட்டங்கி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளும் மூட்டை ஏற்றி இறக்குவோரைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால், அந்தக் குடும்பத்துக்கு இந்த வழி அடைபடுகிறது என்பதை உணர வேண்டும்.

முதலாளிக்கும் ஒரு காப்பு உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள பணியாளருக்கு விபத்து நேர்ந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதலாளியிடம் தனியே இழப்பீடு கேட்க முடியாது. பதிவு செய்யாத கடைக்காரர் மாதம் 390 ரூபாயை மிச்சம் பிடித்து, ஒரே விபத்தில் பல லட்சத்துக்குப் பொறுப்பாளி ஆகிறார்.

அரசின் பங்கு எங்கே இருக்கிறது?

ஈ.எஸ்.ஐ. நிதியின் பெரும்பகுதி நம் பணமும் பணியாளர் பணமுமே. அரசின் நேரடி உதவி மருத்துவச் செலவில் வருகிறது. அதில் எட்டில் ஏழு பங்கைக் கழகமும் எட்டில் ஒரு பங்கை மாநில அரசும், குறிப்பிட்ட உச்சவரம்புக்கு உட்பட்டு ஏற்கின்றன. திட்டம் தொடங்கிய முதல் ஐந்தாண்டுகளில் நிர்வாகச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுத்தது. இன்று அது இல்லை.

மறைமுகமான உதவி ஒன்று 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. பிரதம மந்திரி விகசித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்பது அதன் பெயர். 2027 ஜூலை 31 வரை சேர்க்கப்படும் கூடுதல் பணியாளருக்காக முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை, இரண்டு ஆண்டுகள் அரசு தருகிறது. மாத ஊதியம் 10,000 ரூபாய்க்கு மேல் 20,000 ரூபாய் வரை இருந்தால் தொகை 2,000 ரூபாய். ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

இதன் பொருளைக் கணக்கில் பார்ப்போம். 12,000 ரூபாய் ஊதியத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணம் உட்பட முதலாளி செலுத்துவது 13 சதவீதம், அதாவது 1,560 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 390 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,950 ரூபாய். அரசு தருவது 2,000 ரூபாய். ஆக இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய பணியாளரின் சமூகப் பாதுகாப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்பது போலாகிறது. ஆனால் ஏற்கெனவே வைப்பு நிதியில் பதிவு பெற்ற நிறுவனத்துக்கும் புதிதாகப் பதிவு செய்யும் நிறுவனத்துக்கும் அடிப்படை எண்ணிக்கை கணக்கிடும் முறை வேறு. சிறு கடை புதிதாகப் பதிவு செய்துவிட்டு உடனே உதவியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் நேரலாம். வைப்பு நிதி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கணக்கிடுக.

நடுவில் விழும் குடும்பங்கள்

நம் வட்டாரத்தின் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஆலங்குளத்தில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை உள்ளது. ஆலை என்றால் சட்டம் தானாக வந்து நிற்கும். ஆனால் அதைச் சுற்றியுள்ள மளிகைக் கடை, ஜவுளிக் கடை, இரும்புக் கடை, உணவு விடுதிகளில் பெரும்பாலானவற்றில் மூன்று பேர், ஐந்து பேர், மிஞ்சினால் எட்டுப் பேர்தான். பத்துக்குக் குறைவு என்பதால் ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை.

"அவர்களுக்குத்தான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே" என்று சொல்லக் கேட்கிறோம். 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப் பெற்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களும் நல வாரிய உறுப்பினர்களும் அதில் சேர்ந்தனர். 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடப்புக்கு வந்தது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றாயிற்று. 2022இல் வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டுக் கட்டணம் முழுவதும் அரசுடையது. மிகச் சிறந்த திட்டம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். நம் கடையில் 12,000 வாங்குபவரின் ஆண்டு ஊதியம் 1,44,000. மனைவி தீப்பெட்டி ஒட்டியோ பட்டாசுக்குக் குழாய் சுருட்டியோ சம்பாதித்தால் குடும்ப வருமானம் இன்னும் கூடும். அரசுத் திட்டத்துக்கு அவர் வசதியானவர், ஈ.எஸ்.ஐ.க்கு அவருடைய கடை சிறியது. தனியார் காப்பீட்டுக்கு அவர் ஏழை. மூன்று கதவும் சாத்தியிருக்க, நடுத் திண்ணையில் நிற்கிறார். மேலும் முதலமைச்சர் திட்டம் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கே பெரும்பாலும் உரியது. அன்றாடக் காய்ச்சலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அவர் கைக்காசுதான்.

இந்த இடைவெளிக்கு ஒரு வழி பிறந்துள்ளது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பத்துப் பேருக்குக் குறைந்த கடையும், முதலாளியும் பணியாளரில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டால், தாமாக விரும்பி ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம். மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழிலாயின் ஒரே ஒரு பணியாளர் இருந்தாலும் திட்டம் பொருந்தும். ஊதியம் என்பதன் விளக்கமும் மாறியுள்ளது; படிகளைப் பெரிதாக்கி அடிப்படை ஊதியத்தைச் சிறிதாகக் காட்டும் பழக்கம் இனிச் செல்லாது. இதைத் தங்கள் கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து பணியாளர் உள்ள கடை, தலா 12,000 ஊதியத்தில், மாதம் செலுத்த வேண்டிய முதலாளி பங்கு 1,950 ரூபாய். இதைத் தாங்க முடியாத கடை சிலவே இருக்கும்.

குழுக் காப்பீடும் வரியும்

ஈ.எஸ்.ஐ. மருந்தகம் தொலைவில் உள்ளது, மருந்துக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது என்ற குறைகள் பல ஊர்களில் சொல்லப்படுகின்றன. அவற்றைப் புறக்கணிக்க முடியாது. அதனால் சிலர் காப்பீட்டு நிறுவனங்களிடம் குழுப் பாலிசி எடுக்க விரும்புகின்றனர். சட்டப்படி ஈ.எஸ்.ஐ. கட்டாயமான கடை, குழுப் பாலிசியைக் காட்டித் தப்ப முடியாது. மற்றவர்கள் எடுக்கலாம். காசோலை அல்லது வங்கி வழியாகச் செலுத்தும் கட்டணத்தை வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் காட்ட முடியாது.

இங்கே ஒரு முரண்பாடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்குச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. குழுப் பாலிசிக்கு 18 சதவீத வரி அப்படியே இருக்கிறது. 10,000 ரூபாய்க் கட்டணம் 11,800 ஆகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத காப்பீடாக இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாகவும் எடுக்க முடியாது. தமக்கு மட்டும் பாலிசி எடுக்கும் முதலாளிக்கு வரி இல்லை; தம் பணியாளருக்காக எடுத்தால் வரி உண்டு. இது மாற வேண்டும்.

முன்னரும் பிறநாட்டிலும்

உதவித்தொகை அறிவித்தால் மட்டும் போதாது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2003இல் மத்திய அரசு, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக, நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் ஆண்டுக்கு 365 ரூபாயில் 30,000 ரூபாய் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு 100 ரூபாய் மானியம் என்றது. மறு ஆண்டே மானியத்தை உயர்த்த வேண்டி வந்தது.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், 25 முழுநேரப் பணியாளருக்குக் குறைந்த சிறு நிறுவனம் காப்பீட்டுக் கட்டணத்தில் பாதியையாவது ஏற்றால், முதலில் 35 சதவீதம், 2014 முதல் 50 சதவீதம் வரை வரிச் சலுகை தந்தது. தகுதியுள்ளவை 14 லட்சம் முதல் 40 லட்சம் நிறுவனங்கள் என்று மதிப்பிட்டார்கள். 2010ஆம் ஆண்டுக்குச் சலுகை கோரியவை சுமார் 1,70,300 மட்டுமே. அந்நாட்டுத் தணிக்கைத் துறையே இதை வெளியிட்டது. தொகை சிறிது, படிவம் பெரிது என்பதே முக்கியக் காரணம். சிறு வியாபாரிக்கு நேரமும் பணம்தான். எளிதாக வராத மானியம் ஏட்டுச் சுரைக்காயாகவே போகும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. ஊதியப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுக. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு எந்தத் திட்டமும் கிடையாது.

2. பத்துப் பேர் இருந்தால் தாமதமின்றி ஈ.எஸ்.ஐ.யில் இணையவழிப் பதிவு செய்க. 2025 ஜூலை 1 அன்று தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தில் பழைய பாக்கி கேட்கப்படாது என்ற சலுகை இருந்தது. அது காலவரம்பு கொண்டது. மீண்டும் வரும் என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

3. பங்களிப்பை மறு மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டுக. தவறினால் வட்டியும் அபராதமும் சேரும். முதலாளி பங்கைப் பணியாளர் ஊதியத்தில் பிடிப்பது குற்றம்.

4. பத்துக்குக் குறைந்த கடைக்காரர்கள் பணியாளரோடு உட்கார்ந்து பேசி, விருப்பச் சேர்க்கை வேண்டுமா என்று முடிவு செய்க.

5. குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள பணியாளருக்கு வருமானச் சான்று பெறவும் முதலமைச்சர் திட்ட அட்டை பெறவும் அரை நாள் விடுப்புக் கொடுத்து உதவுக.

6. ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வங்கிக் கணக்குள்ள பணியாளர் அனைவரையும் சேர்க்கச் செய்க. இது மருத்துவக் காப்பீடு அன்று. எனினும் இதைவிட மலிவானது வேறில்லை.

7. ஈ.எஸ்.ஐ. கடை முதலாளியைக் காப்பதில்லை. நாம் நமக்கும் குடும்பத்துக்கும் தனியே பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். 1989இல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் உடனே செய்க.

சங்கத்தின் கோரிக்கைகள்

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பத்துப் பேருக்குக் குறைந்த கடை விரும்பி ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு முதலாளி பங்கில் பாதியை அரசு ஏற்க வேண்டும். பணியாளருக்கான குழுப் பாலிசிக்கும் வரிவிலக்கு வேண்டும். ஆலங்குளம் போன்ற ஊர்களில் உள்ள பணியாளர் சிவகாசி வரை போகாமல் முதற்கட்ட மருத்துவம் பெற, உள்ளூர் மருத்துவர்களோடு கழகம் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். தம் பணியாளரின் பெயரைப் பதிவேட்டில் எழுதாதவர் மானியம் கேட்டால் அரசு செவிசாய்க்காது. எத்தனை கடைகள், எத்தனை பணியாளர், என்ன ஊதியம் என்ற விவரத்தைச் சங்கம் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதற்கு எடை உண்டு. ஆகவே உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் கடைப் பணியாளர் விவரத்தைச் சங்க அலுவலகத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.